இப்னு பதூதாவின் பயண நூலில் உணவுப் பெயர்கள்: சந்தையும் விருந்தும்

பயண நூல்களைப் பற்றிய ஆய்வுகளில் அரசர், கோட்டை, சமயம், கடல்வாணிகம் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் இடம் பயணி உண்ட உணவுக்குக் கிடைப்பதில்லை. உணவுச் செய்திகள் படிப்போர் களைப்பு நீங்கும் பொருட்டு எடுத்துக்காட்டப்பெறும். பின்னர் ஆய்வு வேறு பொருளுக்குச் சென்றுவிடும். மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இப்பகுதிகளே முதன்மையானவை எனலாம். அயல்நாட்டுச் சந்தையில் நிற்கும் பயணி, தம் மொழியில் பெயரில்லாத ஒரு பொருளைத் தம் மொழியினர்க்கு உணர்த்த வேண்டியவராகிறார். அகராதி தொகுப்போர் செய்யும் பணியையே அவர் செய்கிறார். அப்பணியில் அவர் எங்கே வெல்கிறார், எங்கே தவறுகிறார் என்பது அவருடைய நூலைப் பிறிதொரு மொழியில் தருவோர்க்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வகையில் ஆராய்தற்கு ஏற்றது இப்னு பதூதாவின் அரபு நூல். மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த அவர், 1325இல் மக்காவை நோக்கிப் புறப்பட்டு, ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் திரிந்தார். மரீனிய மன்னர் அபூ இனானின் ஆணைப்படி அவர் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் அறிஞர் ஃபெஸ் நகரில் எழுதினார்; 1355இல் பணி நிறைவுற்றது. தெஃப்ரேமெரி, சாங்கினெத்தி ஆகிய இருவரும் 1853 முதல் 1858 வரை பாரிசில் வெளியிட்ட நான்கு தொகுதிப் பதிப்பே, அரபு மூலமும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் ஒருங்கே கொண்டதாய், இன்றளவும் ஆய்வுக்கு அடிப்படையாக உள்ளது. கிப் 1958இல் தொடங்கிய ஆங்கில மொழிபெயர்ப்பின் நான்காம் தொகுதியைப் பெக்கிங்காம் 1994இல் முடித்தளித்தார். இந்தியா, மாலத்தீவு, இலங்கை ஆகிய பகுதிகளை மட்டும் மஹ்தி ஹுசைன் 1953இல் ஆங்கிலத்தில் தந்தார்.

பெயர், ஒப்புமை, பயன்பாடு

புதிய உணவுப்பொருள் ஒன்றைக் குறிப்பிடும்போது இப்னு பதூதா பெரும்பாலும் ஒரே முறையைப் பின்பற்றுகிறார். முதலில் அவ்விடத்துப் பெயரைத் தருகிறார். சில இடங்களில் அதன் உயிர்க்குறிகளையும் எழுத்தெழுத்தாகக் கூறுகிறார். அடுத்து, மொராக்கோவில் வாழ்வோர் அறிந்த ஒன்றோடு ஒப்பிடுகிறார். மூன்றாவதாக, அது எவ்வாறு ஆக்கப்படுகிறது, எப்போது உண்ணப்படுகிறது என்பதைச் சொல்கிறார். இம்மூன்றும் எல்லா இடத்தும் நிரம்ப அமைவதில்லை. எனினும் எது குறைகிறது, எது மிகுகிறது என்பதைக் கொண்டே அவ்விடத்தில் அவர் எந்நிலையில் நின்றார் என்பதை அறியலாம்.

சோமாலியக் கடற்கரையின் மொகதிசு நகரில் அவர் கண்ட உணவை எடுத்துக்கொள்வோம். நெய்யிட்டுச் சமைத்த சோறு; அதன் மேல் 'கூஷான்'; பாலில் வேகவைத்த வாழைக்காய்; தயிர்; அதனுடன் ஊறவைத்த எலுமிச்சை, மிளகுக்கொத்து, பச்சை இஞ்சி, மாங்காய். மாங்காய்க்கு அவர் தரும் பெயர் 'அன்பா'. ஆப்பிளைப் போன்றது, ஆனால் உள்ளே கொட்டையுடையது என்று ஒப்புமை கூறுகிறார். பழுத்தால் மிக இனிக்கும், பழுக்குமுன் எலுமிச்சை போலப் புளிக்கும், அந்நிலையில் ஊறவைத்து உண்பர் என்று பயன்பாட்டையும் சேர்க்கிறார். ஆம்ரம், அம்பா என வழங்கும் இந்தியச் சொல், ஆப்பிரிக்கக் கரையில், அரபு பேசும் ஒருவர் செவியில் விழுந்து ஏட்டில் ஏறியுள்ளது. காயும் ஊறுகாயும் கடல் கடந்த வழியிலேயே சொல்லும் கடந்தது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இப்பகுதியைத் தமிழில் தருவோர்க்கு ஓர் இடர் உண்டு. மாங்காயில் கொட்டை உண்டு என்று தமிழர்க்குச் சொல்லுதல் நகைப்பை விளைக்கும். ஆகவே 'மாங்காய் ஊறுகாய்' என்று இரு சொல்லில் முடித்துவிடும் விருப்பம் எழும். தோஃபார் பகுதியில் அவர் தேங்காயைப் பற்றிக் கூறுமிடமும் இத்தகையதே. மனிதத் தலை போன்றது, கண்ணும் வாயும் போன்ற குறிகள் உடையது, உள்ளீடு மூளை போன்றது, நார் முடி போன்றது, அந்நாரைத் திரித்துக் கயிறாக்கிக் கப்பல் தைப்பர் என்று நீள்கிறது அவர் விளக்கம். தென்னையின் நிழலில் வளர்ந்தோர்க்கு இது தேவையில்லை என்று வெட்டிவிட்டால், நூலில் அயலவராக இருப்பவர் யார் என்பதே மாறிவிடும். தேங்காயை முதன்முறை கையிலெடுத்துப் பார்க்கும் ஒருவரின் வியப்பே அவ்விடத்தின் பொருள். தமிழ் படிப்போர் தம் வீட்டுப் பொருளைப் பிறர் கண்ணால் காணும் அரிய வாய்ப்பு அது. விளக்கம் அவருடைய நாட்டவர்க்காகச் சொல்லப்பட்டது என்பதைத் தெளிவாக்கி, ஒரு சொல்லும் குறையாமல் தருதலே முறை.

வாங்குவோரும் விருந்தினரும்

இப்னு பதூதாவின் உணவுக் குறிப்புகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது அவை இருவகையாகப் பிரிவதைக் காணலாம். ஒன்று, அவர் சந்தையில் வாங்குபவராக நின்று கூறுவது. மற்றொன்று, அரசர் அல்லது அலுவலர் இல்லத்தில் விருந்தினராக அமர்ந்து கூறுவது. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பில் போதிய கவனம் பெறவில்லை. விருந்தினராக அமரும்போது அவர் கலங்களின் பெயரையும், பரிமாறும் ஒழுங்கையும், தமக்குக் கிடைத்த மதிப்பையும் எண்ணுகிறார். வாங்குபவராக நிற்கும்போது மூலப்பொருள், பக்குவம், அளவு, விலை ஆகியவற்றை எண்ணுகிறார். சொல்லாய்வுக்குப் பின்னதே மிகுதியும் பயன் தருகிறது.

வங்காளப் பகுதி வாங்குபவரின் நோக்குக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு வெள்ளித் தினாருக்குத் தில்லி அளவில் 25 ரத்ல் அரிசி விற்றதையும், ஒரு திர்ஹத்துக்குக் கொழுத்த கோழி எட்டும் புறாக்குஞ்சு பதினைந்தும் கிடைத்ததையும், கொழுத்த ஆட்டுக்கடா இரண்டு திர்ஹத்துக்கு விற்றதையும் அவர் குறித்துள்ளார். எட்டுத் திர்ஹம் ஒரு வெள்ளித் தினார். தில்லி ரத்ல் ஒன்று மேற்கு நாட்டு ரத்ல் இருபதுக்குச் சமம் என்று தம் நாட்டவர்க்காக மாற்றியும் சொல்கிறார். விலையை மட்டும் சொல்லி அளவை விட்டுவிடும் பயணிகள் பலர். அவர்களிடையே இது பாராட்டத்தக்கது. தமிழில் தருவோர் ஈண்டு ஒரு பொறியில் சிக்க நேரலாம். 'ரத்ல்' என்னும் அரபுச் சொல்லே தமிழில் 'இராத்தல்' ஆயிற்று. ஆயினும் தமிழில் அது ஆங்கிலப் பவுண்டு எடையையே குறித்து வந்தது. இலங்கையில் பாண் வாங்குவோர் நாவில் அப்பொருளிலேயே வழங்கியது. 25 இராத்தல் அரிசி என்று எழுதினால் படிப்போர் ஏறத்தாழ 11 கிலோகிராம் என்று கொள்வர். உண்மை அதனினும் பன்மடங்கு. பிறப்பால் ஒன்றான சொல் பொருளால் வேறாகும்போது, உறவைக் காட்டிலும் வேறுபாடே மொழிபெயர்ப்பில் முதன்மை பெற வேண்டும்.

அவ்விடத்திலேயே இன்னொரு செய்தி உள்ளது. வங்காளத்தில் முன்பு வாழ்ந்த மேற்கு நாட்டவர் ஒருவர், எட்டுத் திர்ஹத்துக்கு 80 ரத்ல் 'உமியோடு கூடிய அரிசி' வாங்கிக் குற்றினால் 50 ரத்ல் தூய அரிசி கிடைக்கும் என்று தம்மிடம் கூறியதாக அவர் எழுதுகிறார். அரபியில் 'அருஸ்' என்னும் ஒரு சொல்லே நெல்லுக்கும் அரிசிக்கும் சோற்றுக்கும் பொது. ஆகவே உமியைத் தனியே சொல்ல வேண்டியதாயிற்று. தமிழில் 80 ரத்ல் நெல், 50 ரத்ல் அரிசி என்று இரு சொல்லில் முடியும். இஃது எளிதாகத் தோன்றினும், உமி குறிக்கப்படாத பிற இடங்களில் எல்லாம் நெல்லா, அரிசியா, சோறா என்று ஒவ்வொரு முறையும் மொழிபெயர்ப்பாளரே முடிவு செய்ய வேண்டியுள்ளது. மூலம் சொல்லாததைச் சொல்லும் கட்டாயத்தைத் தமிழ் அவர்மேல் ஏற்றுகிறது.

தோஃபார் நகரின் புறத்தே இருந்த சந்தையை அவர் வருணிப்பதும் வாங்குபவரின் நோக்கே. பழமும் மீனும் மிகுதியாக விற்பதனால் அச்சந்தை அழுக்கும் நாற்றமும் ஈயும் நிறைந்தது என்கிறார். மத்தி மீனை அவ்வூரார் கால்நடைக்கும் தீனியாக இடுவர் என்ற செய்தியும் அங்கே வருகிறது. மாலத்தீவில் கப்பல்கள் கொண்டுவரும் மண்பானை ஒன்றை ஐந்தாறு கோழி கொடுத்து வாங்குவர் என்று எழுதுகிறார். இவையெல்லாம் ஒரு வரி, இரு வரிக் குறிப்புகளே. ஆயினும் வெறுப்போ வியப்போ கலவாமல், கொடுப்பதும் கொள்வதும் இன்னவை என்ற தெளிவோடு நிற்கின்றன.

இவ்விரு நோக்கும் நேருக்குநேர் மோதும் இடம் மாலிப் பேரரசுப் பயணம். 1352இல் சகாராவைக் கடந்து வலாத்தா என்னும் ஊரை அடைகிறார் இப்னு பதூதா. அவ்வூர் அலுவலர் ஒருவர் பயணிகளை விருந்துக்கு அழைக்கிறார். இடித்த 'அன்லீ' என்னும் சிறுதானியத்தைச் சிறிது தேனும் தயிரும் கலந்து, பாதியாகப் பிளந்த சுரைக்குடுவையில் வைத்துத் தருகின்றனர். இதற்காகவா அழைத்தார்கள் என்று அவர் கேட்கிறார். அவர்களிடத்தில் இதுவே உயர்ந்த விருந்து என்று விடை வருகிறது. இம்மக்களிடம் நன்மை ஏதும் எதிர்பார்ப்பதற்கில்லை என்று முடிவு செய்து, ஊர் திரும்பவும் எண்ணுகிறார்.

அவ்வூரைக் கடந்து மாலித் தலைநகரை நோக்கிச் செல்லும் வழியில் நிலை மாறுகிறது. இவ்வழியில் செல்வோர் உணவுப்பொருளோ தினாரோ திர்ஹமோ சுமக்க வேண்டியதில்லை; உப்புத் துண்டும், கண்ணாடி மணியும், கிராம்பு முதலிய நறுமணப் பொருள்களும் போதும் என்கிறார். சிற்றூர் ஒன்றை அடைந்தவுடன் பெண்கள் அன்லீ, பால், கோழி, இலந்தை மாவு, அரிசி, 'ஃபூனீ', பயற்றுமாவு ஆகியவற்றைக் கொண்டுவருவர், வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். ஃபூனீ கடுகுபோன்ற மணியுடையது, அதிலிருந்து கூஸ்கூஸும் களியும் செய்வர் என்று விளக்குகிறார். அரிசி தம்போன்ற வெள்ளை நிறத்தார்க்கு ஒவ்வாது, ஃபூனீயே நன்று என்று பிற்காலப் பயணிக்கு அறிவுரையும் கூறுகிறார்.

வலாத்தாவில் இகழப்பட்ட அதே அன்லீயும் பாலும் இப்பட்டியலின் தலைப்பில் நிற்பது கருதத்தக்கது. இகழ்ச்சியின் சாயல்கூட இங்கில்லை. பண்டம் மாறவில்லை, அவர் நிற்கும் நிலை மாறியது. விருந்தில் உணவு மதிப்பின் அளவுகோல்; அது குறைந்தால் தாம் குறைக்கப்பட்டதாக அவர் கொள்கிறார். சந்தையில் உணவு உணவே. எது பசி தீர்க்கும், எது உடலுக்கு ஒக்கும், எதற்கு உப்புக் கொடுக்கலாம் என்பதே வினா.

'கர்தீ' என்னும் மரத்தின் செய்தி இதனை உறுதிப்படுத்துகிறது. இன்று ஷியா என உலகச் சந்தையில் அறியப்படும் மரமே அது. பழம் மிக இனிப்பது என்றும், கொட்டையை இடித்து நெய் எடுப்பர் என்றும் கூறி, அந்நெய் சமையலுக்கும், பணியாரம் பொரிப்பதற்கும், விளக்கெரிக்கவும், உடலில் பூசவும், மண்ணோடு குழைத்து வீட்டுச் சுவருக்குப் பூசவும் பயன்படுவதை வரிசையாகத் தருகிறார். தாவர நூலாரும் இதனினும் செவ்வையாகச் சொல்லுதல் அரிது. பின்னர்த் தலைநகரில் மன்சா சுலைமான் அனுப்பிய வரவேற்புப் பொருள் வருகிறது. ஆடையும் பொருளும் எதிர்பார்த்திருந்தவர்க்கு வந்தவை மூன்று ரொட்டி, கர்தீ நெய்யில் பொரித்த ஒரு துண்டு மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுவைத் தயிர். அவர் நகைக்கிறார், இத்தகைய அற்பத்தைப் பெரிதென எண்ணும் அறிவின்மையை இகழ்கிறார். கர்தீயின் ஐந்து பயனையும் அறிந்தவரே அதன் நெய்யில் பொரித்த இறைச்சியைக் கண்டு நகைத்தார் என்பதைத் திறனாய்வு மறைக்கக் கூடாது. இவ்விகழ்ச்சி மாலி மக்களைப் பற்றிய செய்தியன்று. பரிசில் பெறப் பழகிய சமய அறிஞர் ஒருவரின் எதிர்பார்ப்பைப் பற்றிய செய்தி. மொழிபெயர்ப்பாளர் இதனை மென்மையாக்குவதும் தவறு. மேலும் காரம் ஏற்றுவதும் தவறு.

ஒப்புமையின் வலுவின்மை

பெயர், ஒப்புமை, பயன்பாடு என்னும் மூன்றனுள் மிகவும் வலுவற்றது ஒப்புமையே. ஃபூனீக்குக் கடுகு ஒப்பாவது மணியின் அளவால் மட்டுமே. சுவையாலும் இனத்தாலும் அன்று. அச்சொல்லோ ஃபோனியோ என்று இன்றும் மேற்கு ஆப்பிரிக்கச் சிறுதானியத்தின் பெயராக நிற்கிறது. பெயர் காத்ததை ஒப்புமை காக்கவில்லை. மாலியில் தம்மையும் உடன் உண்டோரையும் நோயில் தள்ளி, அறுவருள் ஒருவரைக் கொன்ற உணவை அவர் 'காஃபீ' என்கிறார். சேம்பு போன்ற ஒன்றிலிருந்து செய்த களி என்கிறார். ஆய்வாளர் சிலர் அதனை வள்ளிக்கிழங்கு வகை எனக் கொள்வர். 'சேம்புக்களி' என்று தமிழில் எழுதிவிட்டால், ஒப்புமை பொருளின் இடத்தில் ஏறி அமர்ந்துவிடும், பெயர் அழிந்துவிடும். 'போன்ற' என்னும் சொல் இவ்விடங்களில் அணியன்று. அது நீக்கப்பட்டால் ஒரு தாவரம் மற்றொன்றாகிவிடும்.

இடையில் நிற்கும் மூன்றாம் மொழி ஒப்புமையை மேலும் குழப்பும். மாலிச் சிற்றூர்ப் பெண்கள் கொணர்ந்த 'நபக்' மாவு, இலந்தைப்பழ மாவு. ஆங்கிலத்தில் இம்மரத்துக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று தாமரைக்கும் உரியது. ஆங்கில வழியே தமிழுக்கு வருவோர் சகாராவின் தென்கரையில் தாமரை மாவு விற்றதாக எழுத இடமுண்டு. இலந்தை அடையும் இலந்தை வடையும் அறிந்த தமிழர்க்கு மூலப்பொருளே நேராக விளங்கக்கூடியது. இடைமொழியே அதனை அயலாக்குகிறது.

ஒப்புமைகளுள் ஒரு வகை மட்டும் உறுதியாக நிற்கிறது. பாசிப்பயற்றை அரிசியோடு சேர்த்துச் சமைத்து நெய்யிட்டு உண்பதைக் 'கிஷ்ரீ' என்பர், நாள்தோறும் காலையில் உண்பர், மேற்கு நாட்டில் 'ஹரீரா' எவ்வாறோ அவ்வாறே இங்கு இது என்கிறார் இப்னு பதூதா. ஹரீரா கஞ்சி போன்ற வேறொரு பண்டம். சுவையும் சேர்மானமும் வேறு. அவர் ஒப்பிடுவது பண்டத்தையன்று. நாளில் அப்பண்டம் பெறும் இடத்தை. இது பயன்பாட்டின் ஒப்புமை; ஆதலின் தவறுவதில்லை. இதனைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? பொருளால் நெருங்கியது வெண்பொங்கல். ஆனால் பொங்கல் என்னும் சொல் திருவிழாவையும் கோயில் மடைப்பள்ளியையும் உடன் அழைத்து வரும். ஒலியால் நெருங்கியது கிச்சடி. தமிழ்நாட்டில் அச்சொல் ரவையிலோ சேமியாவிலோ கிளறிய சிற்றுண்டியையே பெரும்பாலும் குறிக்கிறது. ஒன்று பொருள் காத்துச் சூழலைக் கெடுக்கும். மற்றொன்று சொல் காத்துப் பொருளைக் கெடுக்கும். கிஷ்ரீ என்று மூலப்பெயரையே நிறுத்துதல் நன்று. விளக்கத்தை அவரே தந்துவிட்டதால் அடிக்குறிப்பும் வேண்டியதில்லை.

கூஷானும் தாலமும் மாசியும்

மொகதிசுவில் சோற்றின்மேல் இடப்பட்ட 'கூஷான்' என்பது யாது? கோழி, இறைச்சி, மீன், கீரை ஆகியவற்றாலான 'இதாம்' என்று இப்னு பதூதா விளக்குகிறார். இதாம் என்பது ரொட்டியோடோ சோற்றோடோ சேர்த்து உண்ணப்படும் எதனையும் குறிக்கும் அரபுச் சொல். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு ஒருசொல் நிகரனைக் காண்பது கடினம். சாறு, தாளிதம், துணையுணவு என்று பலவாறு சுற்றிச் சொல்ல நேரும். தமிழில் நிகரன் ஆயத்தமாக உள்ளது. எழுத்து வழக்கில் 'தொடுகறி'. தென்மாவட்டப் பேச்சில் 'வெஞ்சனம்'. சோற்றுக்கு வெஞ்சனம் என்ன என்று கேட்போர் குழம்பையும் கேட்கலாம், மீனையும் கேட்கலாம், கீரையையும் கேட்கலாம். தமிழ் முஸ்லிம்களின் வழக்கிலுள்ள 'ஆணம்' நெருங்கியதாகத் தோன்றினும் குழம்பளவில் நின்றுவிடும். வெஞ்சனத்தை வட்டார வழக்கு என்று ஒதுக்கிவிட்டுக் 'குழம்பு' என்று எழுதுவது, கையில் உள்ள சரியான கருவியை வைத்துவிட்டு வேறொன்றைத் தேடுவதாகும்.

சிக்கல் இத்துடன் முடியவில்லை. கன்னடக் கடற்கரையின் ஹொன்னாவர் நகரில் சுல்தான் ஜமாலுத்தீனின் விருந்தை விவரிக்குமிடத்தில் அதே 'கூஷான்' மீண்டும் வருகிறது. அங்கே அது தயிர் என்று பொருள் கூறப்படுகிறது. சோறும் நெய்யும், ஊறவைத்த மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காயும், பின்னர்க் கோழியும், மீனும், காய்கறியும் ஒவ்வொரு முறையும் சோற்றோடு பரிமாறப்பட்டு, இறுதியில் கூஷான் வருகிறது. அது வந்தால் இனி வேறொன்றும் வராது என்று அறியலாம் என்கிறார். ஒரு சொல்லுக்கு ஒரே ஆசிரியர் இரு பொருள் தருவதை முரண் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. இந்தியப் பெருங்கடலின் இரு கரையிலும் சோற்றோடு சேர்வதன் பொதுப்பெயராக அச்சொல் வழங்கியிருக்கலாம். ஹொன்னாவரில் அவர் கேட்டபோது சோற்றில் ஊற்றப்பட்டது தயிராக இருந்ததால் அதன் பெயர் அதுவெனக் கொண்டிருக்கலாம். நூல் இதனை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆயினும் கடைசிப் பிடிச் சோற்றுக்கு வெஞ்சனம் தயிரே என்பதை அறிந்தோர்க்கு இவ்விளக்கம் இயல்பாகவே தோன்றும். இரண்டு இடங்களிலும் கூஷான் என்றே விட்டு, ஆசிரியர் தந்த இரு பொருளையும் அவ்வவ்விடத்தில் தந்தால் படிப்போரும் இம்முடிச்சைக் காண்பர். ஓரிடத்தில் குழம்பு, மற்றோரிடத்தில் தயிர் என்று எழுதினால் முடிச்சு இருந்ததே தெரியாமற் போகும்.

அதே விருந்தில் உணவு வைக்கும் சிறு மேசையைக் 'கவான்ஜா' என்றும், அதன்மேல் வைத்த செப்புத் தட்டைத் 'தாலம்' என்றும் குறிக்கிறார். முன்னது பாரசீகம். பின்னது வடமொழித் தொடர்புடையதாய்த் தமிழிலும் மலையாளத்திலும் உண்கலத்தைக் குறித்து நிலைபெற்ற சொல். மேசைக்குப் பாரசீகமும் தட்டுக்கு உள்நாட்டுச் சொல்லும் அமைந்த அந்த அரண்மனையின் மொழிநிலையை ஒரு வரி காட்டிவிடுகிறது. விருந்துப் பகுதிகளில் கலங்களின் பெயர் மிகும் என்று மேலே கூறியதற்கு இதுவே தக்க சான்று.

சந்தைப் பகுதிகளில் பக்குவம் மிகும் என்பதற்கு மாலத்தீவு மீன் சான்று. செந்நிறத் தசையுடையது, மீன்நாற்றமில்லாதது, நான்காக நறுக்கிச் சிறிது வேகவைத்து, ஓலைக் கூடையிலிட்டுப் புகையில் தொங்கவிட்டு உலர்த்துவர். இந்தியா, சீனம், ஏமன் ஆகிய நாடுகளுக்கு அனுப்புவர் என்று படிப்படியாகக் கூறுகிறார். பெயர் 'குல்ப் அல்மாஸ்'. சூரை மீனைக் குறிக்கும் 'களுபிலமஸ்' என்னும் திவேகிச் சொல்லே அரபுச் செவியில் இவ்வாறு விழுந்தது. திவேகியில் 'மஸ்' என்றால் மீன். இடையில் நின்ற லகரம் அரபுச் சுட்டிடைச்சொல்லாகிய 'அல்' என்று கொள்ளப்பட்டது; 'அல்மாஸ்' என்பதற்கு வைரம் என்ற பொருள் அரபியில் உண்டாதலின், மீன்பெயர் அரபுத் தொடர்போலவே ஒலிக்கலாயிற்று. அயற்சொல் தம் மொழியின் உறுப்பைப் பெற்று உள்நாட்டுச் சொல்போல் நடமாடும் இயல்புக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. இம்மீனைத் தமிழ் 'மாசி' என்கிறது. ஈற்றிலிருந்த ஒரு கூறு மட்டும் வணிகர் வாயிலாக வந்து, திங்களின் பெயரோடு ஒலியால் ஒன்றி நின்றது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இங்கே 'மாசிக் கருவாடு' என்று எழுதலாமா? எழுதலாம், இது ஒப்புமையன்று, அதே பொருள், அதே பெயரின் மற்றொரு வடிவம். ஆயினும் அரபு வடிவத்தையும் உடன் நிறுத்த வேண்டும். பிழையாகக் கேட்கப்பட்ட வடிவமே இங்கு வரலாறு.

ஓர் எச்சரிக்கை இங்கு வேண்டும். பக்குவமும் விலையும் நிறைந்த குறிப்பெல்லாம் கண்டு எழுதியது என்று கொள்ளுதல் பொருந்தாது. தமஸ்கு, மக்கா, மதீனா ஆகிய நகர்களின் வருணனையில் பெரும்பகுதி, 12ஆம் நூற்றாண்டுப் பயணியாகிய இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தாளப்பட்டது. சீனப் பகுதியை அறிஞர் பலர் ஐயுறுவர். சீனத்துக் கோழி ஒன்றை வாங்கிச் சமைத்தபோது ஒரு பானையில் அடங்காமல் இரு பானையில் இட நேர்ந்தது என்னும் செய்தி, வாங்குபவரின் நுட்பம் கொண்டதாயினும் ஐயத்துக்குரிய பகுதியிலேயே உள்ளது. சீனத்துச் சேவலை முதலில் கண்டது கொல்லத்தில் என்று அவரே சொல்வதையும் உடன் நோக்க வேண்டும். நுட்பம் உண்மைக்கு உறுதிமொழி ஆகாது. எனினும் சொல்லாய்வுக்கு இதனால் பேரிழப்பு இல்லை. கேட்டு எழுதிய பெயரும் யாரோ ஒருவர் வழங்கிய பெயரே.

ஹொன்னாவர் விருந்தை விவரித்து முடிக்குமிடத்தில் இப்னு பதூதா தம்மைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். அந்நகரில் பிறிதொரு முறை தங்கிய பதினொரு மாதமும் ரொட்டி உண்ணவில்லை. மாலத்தீவு, இலங்கை, மஅபர், மலபார் ஆகிய இடங்களில் மூன்று ஆண்டுகள் 'அருஸ்' அன்றி வேறு உண்ணவில்லை. இறுதியில் தண்ணீரின் துணையின்றி அது தொண்டையில் இறங்க மறுத்தது. மஅபர் என்பது சோழமண்டலக் கரையும் மதுரையும் அடங்கிய தமிழ்நிலம். நெல், அரிசி, சோறு என்னும் மூன்றனுள் எது என்ற வினா இங்கே மீண்டும் எழுகிறது. விலை பேசும் இடமன்று இது, அளவும் இல்லை. அரிசி என்று எழுதினால் பண்டத்தின் பெயராகிவிடும். தொண்டையில் இறங்காதது சோறு.